ஊசி தரும் உடம்பு



ஜிம் நடத்துபவர்கள், பயிற்சி தரும் மாஸ்டர்கள், கல்லூரி மாணவர்கள், பெற்றோர் எனப் பலரும் வந்திருக்கிறீர்கள். அமைப்பாளர்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "வளர்ச்சி ஹார்மோன் ஊசியைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் பேசுங்கள், டாக்டர். பலன் உண்டா, ஆபத்து உண்டா?" சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பலன் உண்டு. அது கண்ணாடி முன்னால் நிற்கும்போது தெரியும். பளு தூக்கும்போது தெரியாது. ஆபத்தும் உண்டு. அது வெளியே தெரிய நாளாகும். தெரியவரும்போது சில மாற்றங்களைத் திருப்ப முடியாது.

முதலில் இந்த ஹார்மோன் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மூளையின் அடிப்புறத்தில், ஓர் எலும்புக் குழிக்குள் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. எடை அரை கிராம் அளவுதான். அது சுரக்கும் பலவற்றில் ஒன்று, 191 அமினோ அமிலங்கள் கோத்த இந்தப் புரதம். நாள் முழுக்க ஒரே சீராகச் சுரக்காது. விட்டுவிட்டு அலை அலையாக வரும். பெரிய அலை இரவில், ஆழ்ந்த உறக்கம் பிடிக்கும் முதல் சில மணி நேரத்தில் வரும். ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய், ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனை அங்கே சுரக்க வைக்கும். குழந்தைகளுக்கு எலும்பு நீள்வது இந்த இரண்டின் வேலை. வளர்ந்து முடித்தவர்களுக்கும் வேலை இருக்கிறது: கொழுப்பைக் கரைப்பது, புரதம் வீணாகாமல் காப்பது. கடுமையாக உழைத்தால் சுரப்பு கூடும். சர்க்கரை ஏறினால் அடங்கும். இளமை கழிந்தபின் ஆண்டுக்கு ஆண்டு மெல்லக் குறையும். இந்தக் கடைசிச் செய்தியை வைத்துத்தான் உலகம் முழுவதும் ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது.

வியாபாரத்துக்கு வருமுன் இந்த மருந்தின் பிறப்பைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். இன்று ஜிம்மில் கைமாறும் குப்பிக்குப் பின்னால் எத்தனை குழந்தைகளின் உயிர் இருக்கிறது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்த இன்சுலின் வேலை செய்தது. வளர்ச்சி ஹார்மோன் அப்படி இல்லை. விலங்கிலிருந்து எடுத்ததை மனித உடல் ஏற்கவில்லை. மனிதனுக்கு மனிதனுடையதுதான் வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரிஸ் ரேபன் என்ற மருத்துவர், இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து ஹார்மோனைப் பிரித்தெடுத்து, வளர்ச்சி நின்றுபோன 17 வயதுப் பையனுக்குக் கொடுத்தார். பையன் வளர்ந்தான். 1958-இல் ரேபன் அதை வெளியிட்டதும், உலகெங்கும் குட்டையாக நின்றுவிட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு நம்பிக்கை பிறந்தது. ஆனால் ஒரு குழந்தைக்கு ஓராண்டு மருந்து தர வேண்டுமானால் டஜன் கணக்கில் பிணங்களின் சுரப்பி வேண்டும். பிணவறைகளிலிருந்து சுரப்பிகளைச் சேகரிக்க அமெரிக்காவில் தேசிய பிட்யூட்டரி முகமை என்றே ஓர் அமைப்பு ஏற்பட்டது. அதன் வழியாக 1985 வரை ஏறத்தாழ 7,700 பேர் இந்த மருந்தைப் பெற்றார்கள்.

அந்த 1985-இல்தான் இடி விழுந்தது. சிறுவயதில் ஊசி போட்டுக்கொண்ட சிலர், இருபதுகளிலும் முப்பதுகளிலும் நடை தள்ளாடி, பேச்சுக் குழறி, நினைவு தப்பி இறந்தார்கள். மூளையைப் பஞ்சுபோல் துளைத்துவிடும் க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய் அது. வழக்கமாக முதியவர்களுக்கு மிக அரிதாக வருவது. சேகரித்த சுரப்பிகளில் சில இந்நோய் இருந்தவர்களுடையவை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து மருந்து எடுத்ததால் நோயும் சேர்ந்தே வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா விநியோகத்தை நிறுத்தியது. பிரிட்டனும் நிறுத்தியது. பிரான்ஸில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட இளம் உயிர்கள் போயின. ஊசி போட்டு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் நோய் வெளிப்பட்டது. உயரம் கேட்டு வந்த குழந்தைகளுக்கு நேர்ந்த முடிவு இது. மருத்துவம் படித்த எவரும் இதை எளிதில் கடந்து போக முடியாது.

அதே ஆண்டு அக்டோபரில், பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவைப் புகுத்தித் தயாரித்த ஹார்மோனுக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. தயாரித்தது கலிஃபோர்னியாவின் ஜெனன்டெக் நிறுவனம். இப்போது உலகெங்கும் கிடைப்பது இந்த வழியில் வந்ததுதான். அந்தப் பழைய நோய் இதில் வராது. இதை நான் உறுதியாகச் சொல்கிறேன், ஏனென்றால் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஊசியைப் போட்டுக்கொண்டிருக்கும் குழந்தைகளின் பெற்றோர் இங்கே இருக்கலாம். நீங்கள் பயப்பட வேண்டாம். ஆனால் தட்டுப்பாடு தீர்ந்ததும் இன்னொரு கதவு திறந்தது. பிணவறையை நம்பியிருந்தவரை கிராம் கணக்கில் கிடைத்த மருந்து, தொழிற்சாலையிலிருந்து வேண்டிய அளவு வரத் தொடங்கியது. நோயில்லாதவர்களுக்கும் விற்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வேர்விட்டது.

அந்த எண்ணத்துக்கு நீர் ஊற்றியது ஓர் ஆய்வுக் கட்டுரை. 1990 ஜூலையில் அமெரிக்க மருத்துவர் டேனியல் ருட்மன் குழுவினர் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அதை வெளியிட்டார்கள். 61 முதல் 81 வயதுவரை உள்ள 12 ஆண்களுக்கு வாரம் மூன்று ஊசி, ஆறு மாதம். கொழுப்பு நீங்கலான உடல் எடை 8.8 சதவீதம் கூடியது, கொழுப்பு 14.4 சதவீதம் குறைந்தது. பத்து, இருபது ஆண்டு முதுமையின் மாற்றத்துக்கு இது ஈடாகும் என்ற பொருளில் ஆய்வாளர்கள் ஒரு வரி எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வரியைத்தான் விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். இளமை திரும்புகிறது என்று கூவி விற்றார்கள். அந்த 12 பேருக்கும் பலம் கூடியதா, படியேற முடிந்ததா என்று ஆய்வில் அளந்து பார்க்கவே இல்லை என்பதை எந்த விளம்பரமும் சொல்லவில்லை. விற்பனைக்குத் தன் கட்டுரை இப்படிப் பயன்படுவதைக் கண்டு, 2003-இல் அதே இதழ் தலையங்கம் எழுதிக் கண்டிக்க நேர்ந்தது.

அளந்து பார்த்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். 1996-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில், 70 வயதைத் தொட்ட, தாண்டிய 52 ஆண்களிடம் ஆறு மாதம் சோதித்தார்கள். உடல் அமைப்பு மாறியது உண்மை: கொழுப்பு சுமார் 13 சதவீதம் குறைந்தது, மற்ற எடை 4.3 சதவீதம் கூடியது. ஆனால் முழங்கால் பலம், கைப்பிடி பலம், தாக்குப்பிடிக்கும் திறன் எதிலும் போலி ஊசி போட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. ஆரோக்கியமான முதியவர்களிடம் நடந்த ஆய்வுகளையெல்லாம் 2007-இல் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியாக 2.1 கிலோ கொழுப்பு குறைந்து 2.1 கிலோ மற்ற எடை கூடியிருந்தது. கூடவே வீக்கம், மூட்டுவலி, மணிக்கட்டு நரம்புக் கோளாறு, ஆண்களுக்கு மார்பு பெருத்தல் எல்லாம் அதிகமாக இருந்தன.

"அவர்கள் கிழவர்கள், டாக்டர். எங்களுக்கு 25 வயது" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கும் பதில் உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னியில், கார்வன் ஆய்வு நிறுவனத்தினர் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. எல்லோரும் பொழுதுபோக்காக விளையாடி, முறையாகப் பயிற்சி செய்யும் ஆண்களும் பெண்களும். எட்டு வாரம் ஊசி. கொழுப்பு குறைந்தது. மற்ற எடை கூடியது. அந்தக் கூடுதல் எடையைப் பிரித்துப் பார்த்தபோது, பெரும்பாலும் செல்களுக்கு வெளியே தேங்கிய தண்ணீர் என்று தெரிந்தது. தூக்கும் பலம் கூடவில்லை, குதிக்கும் திறன் கூடவில்லை, ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடவில்லை. ஒன்று மட்டும் கூடியது: 30 விநாடி முழு வேகத்தில் சைக்கிள் மிதிக்கும் திறன், 3.9 சதவீதம். மருந்தை நிறுத்திய ஆறு வாரத்தில் அதுவும் போய்விட்டது.

இந்த 3.9 சதவீதத்தை நான் மறைக்க விரும்பவில்லை. ஒலிம்பிக் ஓட்டப்பந்தயத்தில் அது தங்கத்துக்கும் வெறுங்கைக்கும் உள்ள தூரம். தடகள வீரர்கள் ஏன் இதற்கு மயங்கினார்கள் என்பதற்கு அதுவே காரணம். ஆனால் உங்களில் பெரும்பாலோருக்கு விநாடியில் பத்தில் ஒரு பங்கு தேவையில்லை. உங்களுக்கு வேண்டியது தசை. டென்மார்க்கில் நடந்த ஆய்வொன்று அதற்குள்ளும் புகுந்து பார்த்தது. இந்த ஹார்மோன் தசைநாணிலும் தசையின் இணைப்புத் திசுவிலும் கொலாஜனைப் பெருக்குகிறது. சுருங்கி விரிந்து வேலை செய்யும் தசை இழையின் புரதத்தைக் கூட்டவில்லை. சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது, தோலடிக் கொழுப்பு கரைகிறது, எனவே தசைக் கோடுகள் தெளிவாகவும் உடம்பு புடைத்தும் தெரிகிறது. அதைப் பார்த்து நாம் பலம் என்று நம்பிவிடுகிறோம்.

சிட்னி விமான நிலையத்துக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. 1998 ஜனவரியில், பெர்த் நகரில் நடந்த உலக நீச்சல் போட்டிக்கு வந்த சீன வீராங்கனையின் பையில் 13 குப்பிகள் சிக்கின. 2007-இல் ஹாலிவுட் நடிகர் சில்வெஸ்டர் ஸ்டாலோனின் பெட்டியில் 48 குப்பிகள். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். 1989-லேயே ஒலிம்பிக் குழு தடை செய்த மருந்து இது. கண்டுபிடிக்கும் சோதனை 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில்தான் வந்தது. ஒரு விளையாட்டு வீரர் முதன்முதலாக அதில் மாட்டியது 2010-இல். போட்டிக்குப் போகும் தம்பி, தங்கைகள் நினைவில் வையுங்கள்: தடை செய்த மருந்து உடம்பில் இருந்தால் பொறுப்பு உங்களுடையதுதான். மாஸ்டர் கொடுத்தார், எனக்குத் தெரியாது என்ற பதில் பதக்கத்தைக் காப்பாற்றாது.

இனி என் அறைக்கு வந்த ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். வயது 26. கட்டுமஸ்தான உடம்பு. "ராத்திரி மூணு மணிக்குக் கை மரத்துப்போய் முழிப்பு வருது டாக்டர். உதறுனாத்தான் சரியாவுது" என்றார். மணிக்கட்டில் விரலால் தட்டினேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் மின்சாரம்போல் சுரீரென்றது என்றார். மணிக்கட்டின் குறுகிய பாதையில் திசு வீங்கி நரம்பை நசுக்குகிறது என்று பொருள். மோதிரத்தைக் கழற்றச் சொன்னேன். சோப்புப் போட்டும் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்புவரை தளர்வாக இருந்த மோதிரமாம். வெறும் வயிற்றில் சர்க்கரை 118. இந்த வயதில், இந்த உடம்புக்கு, அது 100-க்குள் இருக்க வேண்டும். என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்றேன். புரோட்டீன் பவுடர் மட்டும் என்றார். கூட வந்த மனைவியை வெளியே அமரச் சொன்ன பிறகுதான் வாய் திறந்தார். "மாஸ்டர் சொன்னாருங்க, இது ஸ்டெராய்டு இல்ல, உடம்புலயே ஊறுறதுதான், ஒண்ணும் பண்ணாதுன்னு." ஊசியை நிறுத்தினார். சில வாரங்களில் மரத்துப்போவது குறைந்தது. சர்க்கரை மெல்லத்தான் இறங்கியது.

உடம்பிலேயே ஊறுவதுதான் என்ற வாதத்தை நான் அடிக்கடி கேட்கிறேன். இன்சுலினும் உடம்பில் ஊறுவதுதான். அளவு மிஞ்சினால் உயிர் போகும். அளவைப் பாருங்கள். இந்தச் சுரப்பே இல்லாத 30 முதல் 60 வயதுவரை உள்ள நோயாளிக்கு நாங்கள் தொடங்குவது நாளுக்கு 0.2 அல்லது 0.3 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் என்பது 3 யூனிட். ஊசிச் சுற்று ஒன்றை 'சைக்கிள்' என்று ஜிம்மில் சொல்லிக்கொண்டு நாளுக்கு 4 யூனிட், 6 யூனிட் போடுகிறார்கள். அதாவது 1.3 முதல் 2 மில்லிகிராம். சுரப்பி நன்றாக வேலை செய்யும் உடம்பில், அதற்குமேல் இத்தனை மடங்கு.

இவ்வளவு ஹார்மோன் பல ஆண்டு உடம்பில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இயற்கையே ஒரு நோயை வைத்திருக்கிறது. 1886-இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் மாரி அதற்கு அக்ரோமெகாலி என்று பெயர் வைத்தார். பிட்யூட்டரியில் கட்டி வந்து ஹார்மோன் கட்டுக்கடங்காமல் சுரக்கும். எலும்பின் வளர்முனை மூடிய பிறகு நீளம் கூடாது, தடிமன்தான் கூடும். செருப்பு அளவு ஏறும். தாடை முன்னால் தள்ளும், பற்களுக்கிடையே சந்து விழும், மூக்கும் நாக்கும் பருக்கும். குறட்டை முற்றித் தூக்கத்தில் மூச்சு நிற்கும். ரத்த அழுத்தம் ஏறும். இதயத் தசை தடித்துப் பின் தளரும். இந்நோயாளிகளுக்கு நாங்கள் அறுவை சிகிச்சை செய்து, விலை உயர்ந்த மருந்து கொடுத்து, ஹார்மோனைக் குறைக்கப் படாத பாடு படுகிறோம். அதே ஹார்மோனைக் காசு கொடுத்து வாங்கி ஏற்றிக்கொள்வதை எந்த மருத்துவராலும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

சர்க்கரையைப் பற்றி நம் ஆட்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராளி. கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடும். அந்தக் கொழுப்பமிலங்கள் நிறைந்த உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அப்பா, அம்மா யாருக்காவது சர்க்கரை இருக்கும் குடும்பங்களே நம்மிடையே அதிகம். அந்த வீட்டுப் பிள்ளை ஏற்கெனவே விளிம்பில்தான் நிற்கிறான். ஜிம்மில் அடுத்து நடப்பது இன்னும் மோசம்: ஏறும் சர்க்கரையை இறக்கவும் தசையைப் பெருக்கவும் இன்சுலினையும் சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். இன்சுலின் தேவைப்படாத உடம்பில் அது சில மணி நேரத்தில் மயக்கத்துக்கும் மரணத்துக்கும் கொண்டுபோகும்.

புற்றுநோய் பற்றிக் கேட்பீர்கள். ஊசி போட்டால் புற்றுநோய் வரும் என்று நான் சொல்ல மாட்டேன்; அப்படி அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. ஐ.ஜி.எஃப்-1 செல்களைப் பெருகச் சொல்லும், சாக வேண்டிய செல்லையும் பிழைக்க வைக்கும் என்பது நிச்சயம். அக்ரோமெகாலி உள்ளவர்களுக்குப் பெருங்குடலில் பாலிப் என்ற சதைத் திரட்சிகள் கூடுதல். மறுபக்கம், தென் அமெரிக்காவின் ஈக்வடாரில், வளர்ச்சி ஹார்மோனை உடல் உணராத ஒரு பிறவிக் குறையோடு சுமார் நூறு பேர் வாழ்கிறார்கள். மிகக் குள்ளமானவர்கள். மருத்துவர் ஹைமே கெவாரா-அகிரே பல ஆண்டு பின்தொடர்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களிடையே புற்றுநோய் மிக அரிது, சர்க்கரை நோய் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உடம்பில் எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் தொடங்கியிருக்கும் ஒரு கட்டிக்கு உரம் போடும் துணிச்சல் எனக்கு வராது. புற்றுநோய் இருப்பவருக்கு இந்த மருந்து கூடவே கூடாது என்று மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே எழுதியிருக்கும்.

இத்தனையும் குப்பிக்குள் உண்மையான மருந்து இருந்தால்தான். குப்பியைப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பொடி ஒரு வில்லையாக ஒட்டியிருக்கும். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கூட வரும் நீரைக் கண்ணாடிச் சுவரோரமாக மெதுவாக விட்டு, குலுக்காமல் சுழற்றிக் கரைக்க வேண்டும்; குலுக்கினால் புரதம் கெட்டுவிடும். பேருந்தில், பார்சலில், வெயிலில் வந்து சேரும் குப்பி என்ன கதியில் இருக்கும்? கர்ப்ப காலத்தில் சுரக்கும் எச்.சி.ஜி என்ற வேறு ஹார்மோனை இதன் பெயரில் அடைத்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பொடிக்குப் பொடி பார்வைக்கு ஒன்றுதான். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டால் மஞ்சள் காமாலை வைரஸும் எச்.ஐ.வியும் வரும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பத்தொன்பது வயதுப் பையனை அழைத்துவந்து, உயரம் வேண்டும், ஊசி போடுங்கள் என்று கேட்கிறீர்கள். எலும்பின் வளர்முனை மூடிவிட்டால் எத்தனை ஊசி போட்டாலும் ஓர் அங்குலம்கூடக் கூடாது. அதே சமயம், ஏழெட்டு வயதுக் குழந்தை வகுப்பில் எல்லோரையும்விட மிகக் குட்டையாக இருந்தால், இரண்டு வருடமாக ஒரே அளவுச் சீருடை போட்டால், தாமதிக்காமல் அழைத்து வாருங்கள். உண்மையிலேயே சுரப்புக் குறைவு இருந்தால் இந்த மருந்து அந்தக் குழந்தையின் வாழ்க்கையை மாற்றும். டர்னர் குறைபாடுள்ள பெண் குழந்தைகளுக்கும், நாள்பட்ட சிறுநீரக நோயால் வளர்ச்சி தடைப்பட்ட பிள்ளைகளுக்கும் பலன் உண்டு. பிட்யூட்டரி கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியவர்கள் இந்த ஊசியால் சோர்வு நீங்கி வேலைக்குத் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். இது நல்ல மருந்து. இல்லாதவருக்கு நிரப்புவதற்கான மருந்து.

மாஸ்டர்களிடம் மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். நான் வெள்ளைக் கோட்டுப் போட்டுச் சொல்வதைவிட நீங்கள் சொல்வதைத்தான் பையன்கள் கேட்கிறார்கள். மூன்று மாதத்தில் உடம்பு வேண்டும் என்று வருகிறவனிடம், இரவு பதினோரு மணிக்குள் தூங்கச் சொல்லுங்கள். ஹார்மோனின் பெரிய அலை ஆழ்ந்த உறக்கத்தில்தான் வரும். வயிற்றுக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலே சொந்தச் சுரப்பு கூடும். கனமான பளுவை முறையாகத் தூக்கக் கற்றுக்கொடுங்கள். உண்மையான தசை இழை அதில்தான் வளரும். குப்பியை மட்டும் கையில் கொடுக்காதீர்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை விற்பது நம் நாட்டிலும் குற்றம். அமெரிக்காவில் உடம்பு ஏற்றுவதற்காக விநியோகித்தால் ஐந்தாண்டுவரை சிறை.

இந்த அரங்கில் ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் இருக்கலாம். உங்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. இன்றோடு நிறுத்துங்கள். மீதிக் குப்பியை நண்பனுக்குக் கொடுக்காதீர்கள். அருகிலுள்ள ஒரு மருத்துவரிடம் போய், எத்தனை யூனிட், எத்தனை மாதம், கூட வேறென்ன போட்டீர்கள் என்று எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ஐ.ஜி.எஃப்-1, ரத்த அழுத்தம், தேவைப்பட்டால் இதய எக்கோ என்று பார்த்துவிடலாம். சீக்கிரம் நிறுத்தினால் வீக்கமும் மரத்துப்போவதும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எலும்பில் வந்த மாற்றம் தீராது. அதனால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே போய்ப் பாருங்கள்.